மூலப்பத்திரம்

தமிழ் நாவலில் ஊர் உண்டு. ஊர் உண்டாவது கிடையாது. முதல் பக்கத்தைத் திறக்கும்போதே அக்கிரகாரமும் சேரியும் கோயிலும் குளமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆசிரியருக்கு மிச்சமிருக்கும் வேலை ஆட்களை நடமாட விடுவதும், அதிகம் போனால், ஊர் கெட்டுப்போய்விட்டதே என்று கடைசி அத்தியாயத்தில் வருத்தப்படுவதும்தான். முதல் குடிசை எப்படி எழுந்தது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, இருந்தது எங்கே போயிற்று என்ற கேள்விகள் நம் எழுத்தாளர்களை அதிகம் தொந்தரவு செய்ததில்லை. விதிவிலக்குகளாக மூன்று நாவல்கள் உடனே ஞாபகம் வருகின்றன: சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966), சா. கந்தசாமியின் 'சாயாவனம்' (1969), கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). வேறு பெயர்களையும் யாராவது சொல்லக்கூடும். எனக்கு இப்போதைக்கு இவை போதும்.

இந்த மூன்றில் ஒன்றுகூடத் தொண்டைமண்டலத்தில் நடப்பதில்லை. இது விசித்திரம். தொண்டைமண்டலம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையே காட்டை வெட்டிக் குடியேறிய கதைதான். செங்கல்பட்டுச் சீமையில் எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும், எந்தச் சதகத்தைப் புரட்டினாலும், எந்த வெள்ளைக்காரக் கலெக்டரின் ரிப்போர்ட்டைப் படித்தாலும், கொஞ்ச தூரத்தில் அந்தக் கதை எதிர்ப்படும். இவ்வளவு பரவிய ஒரு கதை ஏன் இலக்கியமாக ஆகவில்லை? அது இதுவரை வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காரியம் என்ன என்பதைத்தான் இங்கே பார்க்க உத்தேசம்.

முதலில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'ஃப்ராண்டியர்' என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை என்று ஆங்கிலம் படித்த நாம் சௌகரியமாகச் சொல்லி வந்திருக்கிறோம். கான் அப்துல் கபார் கானைப் பத்திரிகைகள் 'எல்லைக் காந்தி' என்று எழுதின. ஆனால் எல்லை என்பது கோடு. அமெரிக்கன் சொல்வது கோட்டை அல்ல. நகர்ந்துகொண்டே போகும் ஒரு விளிம்பை. 1890ஆம் வருஷத்து ஜனக்கணக்கு, அப்படியொரு விளிம்பு இனிமேல் வரைபடத்தில் இல்லை என்று அறிவித்தது. அதை வைத்துக்கொண்டு பிரெடரிக் ஜாக்ஸன் டர்னர் 1893ல் சிகாகோவில் ஒரு கட்டுரை படித்தார். அமெரிக்க மனசு அந்த விளிம்பில்தான் உருவானது என்பது அவர் கட்சி. அங்கே ஏற்கனவே இருந்த ஜனங்கள் அவர் கட்டுரையில் காற்று மழை மாதிரி ஒரு இடைஞ்சலாக வந்து போவார்கள்.

தேடினால் நம்மிடமும் சொல் இருக்கிறது. குறும்பு. அகப்பொருள் இலக்கணத்தில் பாலை நிலத்து ஊருக்குப் பெயர் குறும்பு. அகராதியில் அதே சொல்லுக்கு அரண் என்றும், அந்த அரணில் அடங்காமல் உட்கார்ந்திருக்கும் சிற்றரசன் என்றும் அர்த்தம் இருக்கிறது. விளிம்பில் இருக்கும் ஊர், அதன் கோட்டை, அதன் தலைவன் மூன்றுக்கும் ஒரே வார்த்தை. இன்றைக்குக் குறும்பு என்றால் குழந்தை செய்யும் விஷமம். ஒரு கோட்டை விஷமமாகச் சுருங்கியிருக்கிறது. இதற்கு நடுவில் நடந்ததுதான் தொண்டைமண்டலத்தின் கதை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாடு காடாகக் கிடந்தது. அதில் குறும்பர் இருந்தார்கள். (குறும்பாடு மேய்த்ததால் குறும்பர் என்பாரும் உண்டு.) சோழன் மகன் ஆதொண்டை படையெடுத்து வந்தான். முதலில் தோற்றான், தெய்வ சகாயத்தால் பிறகு ஜயித்தான். காட்டை அழித்து வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். நாற்பத்தெண்ணாயிரம் குடிகள் என்பது மரபு. நாடு இருபத்துநான்கு கோட்டம், எழுபத்தொன்பது நாடு என்று ஆயிற்று. மாமல்லபுரம் இருப்பது இதில் ஆமூர்க் கோட்டத்தில்.

காலின் மெக்கன்ஸியின் ஆட்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய் எழுதி வாங்கிய குறும்பர் சரித்திரங்களையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவற்றில் இருபத்துநான்கு கோட்டங்கள் ஆதொண்டை ஏற்படுத்தியவை அல்ல. குறும்பருடைய இருபத்துநான்கு கோட்டைகள்தான் அவை. தலைமைக் கோட்டை புழல். குறும்பருக்குக் கடல் வழியாக வியாபாரம் இருந்தது; சமணம் இருந்தது. ஆக, காடு என்று சொல்லப்பட்ட இடத்தில் கோட்டை இருந்திருக்கிறது, சரக்கு இருந்திருக்கிறது, மதம் இருந்திருக்கிறது, நிர்வாகப் பிரிவு இருந்திருக்கிறது. வந்தவர்கள் அந்தப் பிரிவுகளையே எடுத்துக்கொண்டு, இருந்ததற்குக் காடு என்று பெயர் வைத்தார்கள். சரித்திரத்தில் குறும்பர் உண்மையில் யார் என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கதையைக் கதையாகப் படித்தாலே அது தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் விமர்சகனுக்கு வேண்டியது. யாருமில்லாத காட்டில் எதற்கு இருபத்துநான்கு கோட்டை?

திருமுல்லைவாயில் ஸ்தலபுராணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தோற்றுத் திரும்பும் தொண்டைமானுடைய யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான். ரத்தம் வருகிறது. கொடிக்கு அடியில் லிங்கம். பயந்துபோய்த் தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளப் போகிறவனைச் சிவன் தடுத்து, நந்தியைத் துணைக்கு அனுப்புகிறார். குறும்பர் அழிகிறார்கள். அவர்களுடைய கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் இன்றும் சந்நிதிக்கு முன்னால் நிற்கின்றன. நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து, சண்டைக்குப் புறப்பட்ட கோலத்தில் இருக்கிறது. லிங்கத்தின் வெட்டுக்காயத்துக்காக வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. ஒரே ஒரு நாள் களைவார்கள்.

பக்தர் இதில் கருணையைப் பார்ப்பார். நான் பார்ப்பது, நாட்டை உண்டாக்கிய வாளின் முதல் வெட்டு எங்கே விழுந்தது என்று அந்தப் பெயர் தெரியாத கதைசொல்லி மறக்காமல் சொல்லிவிட்டதை. காடு வெட்டும்போது ரத்தம் வந்தது என்று வேறெந்தக் கல்வெட்டும் சொல்லாது. அதைச் சொல்லவேண்டும் என்று அவன் உத்தேசித்திருக்கமாட்டான். ஆனால் கதை அவனை மீறிச் சொல்லியிருக்கிறது. நம் நவீன எழுத்தில் பெரும்பகுதிக்கு இந்த அளவுகூடத் தன்னை மீறத் தெரியாது.

சேக்கிழாரிடம் வேறு மாதிரி. அவர் இந்த மண்ணின் ஆள், குன்றத்தூர்க்காரர். திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு தொண்டைநாட்டை நிலம் நிலமாக வர்ணித்துத் தீர்க்கிறார். சொந்த ஊர் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். அதில் காஞ்சி நகரம் உண்டான கதை ஒரே ஒரு செய்யுளில் வருகிறது. கரிகாலன் இமயத்துக்குப் போகிறான். வழியில் ஒரு வேடன் எதிர்ப்பட்டு, தான் கண்ட இந்த இடத்தின் வளத்தைச் சொல்கிறான். அரசன் நான்கு காதம் வகுத்து, மலை போல மதில் எழுப்பி, குடிகளை இருத்துகிறான்.

முதலில் கண்டவன் வேடன். சொன்னவன் வேடன். மதில் எழும்பிய பிறகு வேடன் எங்கே? செய்யுளில் அவனுக்கு இடம் இல்லை. மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்றுகூடத் தெரியாது. உலகத்தில் குடியேற்றக் கதைகள் எல்லாவற்றிலும் இந்த ஆள் இருக்கிறான். வழிகாட்டி, துபாஷ், தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவன். இரண்டாம் அத்தியாயத்தில் காணாமல் போய்விடுவான். சேக்கிழார் சாதாரணக் கவி அல்ல. வேடன் ஒருவன் கண்ணைப் பிடுங்கி அப்புவதை அத்தனை பக்கம் எழுதி நம்மைக் கலங்க வைத்தவர். பக்தனான வேடனுக்குப் புராணம் முழுசும் கொடுத்தவரால், இடம் காட்டிய வேடனுக்கு ஒரு பெயர் கொடுக்க முடியவில்லை. இது அவருடைய குறை என்று சொல்ல வரவில்லை. குடி இருத்துவது என்ற காரியத்தின் இலக்கணமே அப்படி.

இங்கே என் ஜீவனத்தைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவரிடம் மூலப்பத்திரம் கேட்பதும், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் என் வேலை. ஒவ்வொரு பத்திரமும் அதற்கு முந்தைய பத்திரத்தைக் காட்டும். அது அதற்கும் முந்தையதை. இப்படியே போய்க் கடைசியில் ஒரு பத்திரம் யாரையும் காட்டாமல், எனக்குப் பாத்தியப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கும். அதுதான் மூலம். மூலத்துக்கு மூலம் கேட்கக்கூடாது. கேட்டால் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது.

ஆதொண்டை கதை தொண்டைமண்டலத்தின் மூலப்பத்திரம். இதை உருவகமாகச் சொல்லவில்லை. 1763ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு சுமார் இரண்டாயிரம் ஊர்களுடைய கணக்கை எடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய அந்தக் கணக்குகளில் வீடு, ஏரி, மானியம், யாருக்கு எத்தனை பங்கு எல்லாம் இருக்கின்றன. 1780ல் ஹைதர் அலி வந்தார். பயிர் எரிந்தது, பஞ்சம் வந்தது, ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடினார்கள். செங்கல்பட்டுச் சீமை மறுபடி காடாயிற்று என்றால் இந்த முறை அது நிஜம். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் செய்ததெல்லாம் ஒரு வகையில் இரண்டாவது குடியேற்றம்: ஏரிகளை மராமத்து செய்வது, ஓடிப்போன குடிகளைத் திரும்பக் கொண்டுவருவது, யாருக்கு எந்த நிலம் என்று தீர்ப்பது.

யாருக்கு எந்த நிலம் என்று வந்தவுடன் மூலம் தேவைப்பட்டது. 1818ல் எஃப். டபிள்யூ. எல்லிஸ், மிராசு பாத்தியதை பற்றி சர்க்கார் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில்களைச் சென்னையில் அச்சடித்தார்கள். எல்லிஸ் நமக்கு வேண்டியவர். குறளை மொழிபெயர்த்தவர், கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால், 1816லேயே, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியவர். அவரும் அவருடைய பண்டிதர் சங்கரய்யாவும் சேர்ந்து காணியாட்சியின் தொடக்கத்தைக் குறும்பர் தோல்வியிலும் வேளாளர் குடியேற்றத்திலும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செய்யுளும் செப்பேடும் சாட்சிக்கு வந்தன. புராணம் ரெவின்யூ போர்டின் கோப்புக்குள் போயிற்று. யூஜீன் இர்ஷிக் 1994ல் வெளியிட்ட புத்தகத்தில் இதையெல்லாம் விரிவாகப் பார்த்திருக்கிறார். இந்தப் பழைய 'தொண்டைமண்டலம்' வெள்ளைக்காரரும் ஊர்க்காரரும் பேசிப் பேசிச் சேர்ந்து உண்டாக்கியது என்பது அவர் வாதம். சேர்ந்து என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பேச்சில் கலந்துகொள்ளாதவர்கள் நிறையப் பேர்.

பிளேஸுக்கு ஒரு பின்கதை உண்டு, சொல்லாமல் போக மனசு வரவில்லை. மதுராந்தகம் ஏரி உடைந்துவிடுமோ என்று ஒரு மழை ராத்திரியில் கரைக்குப் போனவர், வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டாராம். ராமரும் லட்சுமணரும். அதனால் அவர் ஏரி காத்த ராமர். தாயார் சந்நிதி தர்மத்தைக் கும்பினி ஜாகீர் கலெக்டர் பேரில் குறித்துக் கல்வெட்டு இருக்கிறது. வாளோடு வந்த ஆதொண்டைக்கு முல்லைக்கொடி. பேனாவோடு வந்த பிளேஸுக்கு ஏரிக்கரை. குடியேற்றுகிறவன் யாராக இருந்தாலும் அவனை ஸ்தலபுராணத்தில் சேர்த்துக்கொள்ளும் யந்திரம் இந்த மண்ணில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஏரியை மராமத்து செய்தவனுக்கு ஜனங்கள் தரக்கூடிய மரியாதை அதுதான்.

மூலப்பத்திரத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது 1890களில் எழுத்தில் வருகிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர்களுடைய நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. அதனால் உழுகிறவனுக்குத் தரிசுகூடக் கிடைப்பதில்லை என்று. ஊரை உண்டாக்கியவர்களின் வாரிசுக்கு ஊரின் வெற்றிடமும் சொந்தம். இத்தனைக்கும் எல்லைத் தகராறு வந்தால் வெட்டியான் சொல்லுக்குத்தான் மதிப்பு என்று அதே நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. எல்லை எங்கே என்று தெரிந்தவனுக்கு எல்லைக்குள் இடம் இல்லை. சேக்கிழாரின் வேடன் மறுபடி வருகிறான். 1892ல் நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. பிற்பாடு பஞ்சமி நிலம் என்று பெயர் வந்தது. அந்த நிலங்கள் கைமாறிய விதமும் தெரிந்ததே. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டவர்கள்மீது 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். ஆதொண்டை கதை எப்போதோ நடந்து முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது.

உள்நாட்டின் கதை இது. கரையின் கதை வேறு ரகம். அங்கே வாளும் கொடியும் கிடையாது, கணக்குப் புத்தகம்தான். 1639ல் பிரான்ஸிஸ் டேக்கு ஒரு மணல் திட்டு கிடைத்தது. கோட்டை கட்டுவதற்கு முன் கும்பினிக்கு வேண்டியிருந்தது நெசவுக்காரர்கள். உண்பதற்கும் குடிப்பதற்கும் உடுப்பதற்குமான பொருள்களுக்கு முப்பது வருஷம் சுங்கம் கிடையாது என்று பிரகடனம் செய்தார்கள். ஜனம் வந்தது. இன்றைக்குச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்கிறார்களே, அதே சமாசாரம். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் மஸ்லின் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1824 உடன்படிக்கைக்குப் பிறகு அதை விட்டுப் போனார்கள். கோட்டையும் கல்லறைகளும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். கோவளத்தில் ஆஸ்டெண்டு கும்பினி வந்தது, நவாபு துறைமுகம் வைத்தார், 1752ல் கிளைவ் பிடித்தார். அதே வருஷம் செங்கல்பட்டுக் கோட்டையையும். இந்தக் கரை மணலில் இத்தனை ஊர்கள் கணக்கு ஆரம்பித்திருக்கின்றன. ஒன்றைத் தவிர எல்லாக் கணக்கையும் மூடியாயிற்று.

கணக்கிலிருந்து ஊர் பிறப்பதை எழுதிய ஆள் பாக்னர். 1951ல் வந்த 'ரெக்வியம் ஃபார் எ நன்' நாடகம் என்றும் நாவல் என்றும் சொல்லமுடியாத ஒரு புத்தகம். அதன் முதல் வசனப்பகுதியில் ஜெபர்ஸன் என்ற ஊர் எப்படி ஊராயிற்று என்று சொல்கிறார். தபால் பையின் பூட்டு ஒன்று காணாமல் போய்விடுகிறது. சர்க்கார் சொத்து. யார் பணம் கொடுப்பது? செவ்விந்தியர்களோடு வியாபாரம் செய்யும் கணக்கில், வண்டிக்கு மசகு வாங்கியதாக எழுதிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். தபால்காரன் முறைத்துக்கொள்கிறான். அவனைச் சமாதானப்படுத்த அவன் பெயரையே ஊருக்கு வைத்து, பூட்டுக்காக ஒரு கோர்ட் கட்டிடத்தைக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் பத்தாம் பக்கத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிடும். அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் ஒரு ஜனக்கூட்டத்தின் பூமி முழுசும் கைமாறுகிறது. குமாஸ்தா வேலை பார்க்கிற எவனும் இதைப் படிக்கவேண்டும்.

நம் கரையை எழுதியவர் என்றால் கல்கி. மாமல்லபுரத்து மணலில் டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது 'சிவகாமியின் சபதம்' மனசில் உதித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மாமல்லபுரம் ராஜாவின் கனவிலிருந்து நேராகக் கல்லில் இறங்குகிறது. சிற்பிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் நிஜ மாமல்லபுரத்தில் கண்ணில் படுவது முடியாத வேலைகள். ஐந்து ரதங்களிலேயே முடியாத ரதம் உண்டு. பிளக்கக் குழி வெட்டிவிட்டுப் பிளக்காமல் விட்ட பாறைகள் சுற்றிலும் கிடக்கின்றன. அவ்வளவு பெரிய ஊர் ஆரம்பித்து நின்றுபோனது என்பதில் இருக்கும் நாவலைக் கல்கி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாரப் பத்திரிகையில் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இனி அந்த மூன்று நாவல்கள். 'புளியமரத்தின் கதை'யை ஒதுக்கிவைக்கலாம். குளம் தூர்ந்து ரோடாவதும் ஜங்ஷன் உண்டாவதும் அதில் அருமையாக வந்திருக்கின்றன, ஆனால் அது விளிம்பின் கதை அல்ல, நடுவின் கதை. போட்டி மற்ற இரண்டுக்கும்தான். கி.ரா.வின் நாவலை நம்மில் எல்லோரும் கொண்டாடினோம். தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்தவர்கள், காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்துவது, நூறு தாண்டிய பாட்டி சொல்லும் கதை, எல்லாம் வாயில் ருசியாக இருக்கிறது. குடியேறியவர்களின் குரல் இவ்வளவு இயல்பாகத் தமிழில் வேறெங்கும் கேட்டதில்லை. அந்தக் குரலில்தான் சிக்கல். அந்தக் காடு யாருக்கும் சொந்தமில்லாத காடாகவே வருகிறது. பாட்டிக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும், சரி. பாட்டிக்குத் தெரியாத ஒன்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது என்ற சமிக்ஞை நாவலில் எனக்குக் கிடைக்கவில்லை. வில்லா கேதரின் 'ஓ பயனியர்ஸ்' (1913) நாவலிலும் இதே குறை. நெப்ராஸ்காவின் புல்வெளி, கலப்பைக்குக் காத்துக்கொண்டு, ஆளே இல்லாமல் கிடக்கும். அன்பாக எழுதப்பட்ட மூலப்பத்திரம் இரண்டும்.

'சாயாவனம்' வறண்ட நாவல், ஒத்துக்கொள்கிறேன். கடல்கடந்து சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம் ஒரு வனத்தை வாங்குகிறான், சர்க்கரை ஆலை வைப்பதற்காக. பக்கம் பக்கமாக வெட்டுகிறான், கொளுத்துகிறான். ஆசிரியர் அவனைத் திட்டுவதில்லை, பரிதாபப்படுவதும் இல்லை. எந்த மரம் எப்படி விழுந்தது, எந்தக் கொடி எதைச் சுற்றியிருந்தது, தீ எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதிக்கொண்டே போகிறார். முடிவில் ஊருக்கு நல்ல புளி இல்லை. எரிந்தவற்றில் புளியமரமும் சேர்த்தி. அவ்வளவுதான். அழிந்ததற்குக் கணக்கு எழுதிய ஒரே தமிழ் நாவல் அது. இந்த இடத்தில் கந்தசாமி பாக்னருக்குப் பக்கத்தில் நிற்கிறார், கி.ரா. நிற்கவில்லை. நம்மில் பலருக்கு இந்தத் தரவரிசை ரசிக்காது என்று தெரியும். சுவாரசியத்தை அளவுகோலாக வைத்தால் முடிவு தலைகீழாகும். ஊர் உண்டாவதை எழுதுகிறவன் கடைசியில் யார் பக்கத்துச் சாட்சியாக நிற்கிறான் என்று கேட்டால் எனக்கு வேறு முடிவுக்கு வர வழியில்லை.

தொண்டைமண்டலத்தில் இப்போது மூன்றாவது குடியேற்றம் நடக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குக் கருங்குழி, சைதாப்பேட்டை, காஞ்சிபுரம் என்று எங்கெங்கோ தலைமையிடம் இருந்தது; கடைசியில் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது. கொளவாய் ஏரியைத் தாண்டி ரயில் போகும்போது ஜன்னலில் மனைக்கற்கள் தெரிகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நகர், அவென்யூ, கார்டன். மனை விற்பவர்கள் அச்சடிக்கும் துண்டுப் பிரசுரம் எனக்குத் தினமும் மேஜைமேல் வருகிறது. பசுமை, தூய காற்று, வெற்று நிலம், பத்து நிமிஷத்தில் ரயிலடி. படிக்காசுப் புலவர் 'தொண்டைமண்டல சதகம்' பாடியது கொடுத்தவர்களின் புகழை. இவர்கள் பாடுவது வாங்கப்போகிறவர்களின் புகழை. இரண்டிலும் நிலம் காலியாக இருக்கிறது.

இதே சாலையில் வடநெம்மேலியில் 1978லிருந்து இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள். பட்டாவுக்கு மனு போட்டுக் காத்திருப்பதில் அனுபவசாலிகள். வருஷா வருஷம் மாசிமாதப் பௌர்ணமிக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு வருகிறார்கள். கழி நட்டு, சேலையைச் சுற்றி மறைப்புக் கட்டி, மணலிலேயே ஒரு ஊர் போடுகிறார்கள். ஈர மணலில் ஏழு படி பிடித்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். நிச்சயதார்த்தம், கல்யாணம், பெயர் வைப்பது, பழைய சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாம் அந்த ராத்திரியோடு. விடிந்து கொஞ்ச நேரத்தில் கழியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஏழு படியையும் அலை எடுத்துக்கொண்டு போகிறது. பத்து மணி சுமாருக்கு டூரிஸ்டு பஸ்கள் வர ஆரம்பிக்கும்.